304-க்குப் பின்னால் ஒரு எழுத்து

எங்கள் பாலிடெக்னிக்கின் பழைய மாணவர் மலருக்கு உலோகவியல் சொற்களைப் பற்றி எளிமையாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முதலில் மறுத்துவிட்டேன். அதற்கடுத்த வாரம், ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். லேபில் மைக்ரோஸ்கோப் இருந்த அறையைக் காலி செய்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்களாம். "இப்ப எல்லாம் மெஷினே சொல்லிடுது மேடம். காம்போசிஷன் ஓகேன்னா மெட்டீரியல் ஓகே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். போனை வைத்ததும் மலர்க்காரர்களைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துறையூர்ப் பக்கம் பிறந்தவள் நான். டிப்ளமோவில் உலோகவியல் எடுத்த ஒரே பெண். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் லேப் வேலை கிடைத்தது. கணவருக்கும் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் வேலை அமைந்ததால் அங்கேயே இருந்துவிட்டோம். அந்த ஊரில் கடைக்காரரிடம் ஒரு மொழி, பஸ்ஸில் ஒரு மொழி, பக்கத்து வீட்டில் ஒரு மொழி. பத்து வருடத்தில் எனக்குக் கன்னடம் பேச வந்தது, தெலுங்கு கேட்டால் புரிந்தது.

லேபுக்குத் தலைவர் பசவராஜ் சார். கர்நாடகத்தில் துமகூர்க்காரர். ஒல்லியாக, எப்போதும் முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, காய்ந்துவிட்டதா என்று விரல்களை உரசிப் பார்ப்பார். பிறகு ஒரு கண்ணை மட்டும் லென்ஸில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சாம்பிளைப் பார்த்துவிட்டு, "மார்ட்டென்சைட் சார்" என்றேன். படித்த பெயரை உடனே சொல்ல வேண்டும் என்ற ஆசை.

"பேரைக் கேக்கலம்மா" என்றார். "ஏனு காணுத்தே? என்ன தெரியுது?"

"ஊசி ஊசியா இருக்கு சார். குறுக்கும் நெடுக்குமா."

"எங்கே? ஓரத்திலயா, நடுவிலயா?"

"ஓரத்தில அதிகம்."

"அதை எழுது. பேரைக் கடைசியா வை. பேரை முதல்ல வெச்சா அப்புறம் கண்ணு பாக்காது."

அவரிடம் கற்றதில் முக்கியமானது இரண்டு சொற்களின் வித்தியாசம். காம்போசிஷன் என்றால் சேர்மானம். உலோகத்தில் இரும்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, நிக்கல், கார்பன் எவ்வளவு என்பது. ஸ்ட்ரக்சர் என்றால் அந்த அணுக்கள் எப்படி அடுக்கி உட்கார்ந்திருக்கின்றன என்பது. சாதாரண இரும்பில் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலையிலும் அணு, உள்ளே நட்டநடுவில் ஒன்று. அதையே நன்றாகச் சூடாக்கினால் நடுவில் இருக்கும் அணுவுக்கு இடமில்லை. எட்டு மூலையிலும், ஆறு முகங்களின் நடுவிலும் அணு உட்காரும். இந்த அடுக்குக்கு ஆஸ்டினைட் என்று பெயர். நிக்கலைப் போதுமான அளவு சேர்த்தால் ஆறிய பிறகும் அந்த அடுக்கு மாறாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் பலதும் அப்படித்தான். காந்தம் ஒட்டாமல் இருப்பது அதனால்தான்.

இந்த அடுக்கும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒரு பக்கம் பார்த்து அடுக்கியது ஒரு கூட்டம், வேறு பக்கம் பார்த்து அடுக்கியது இன்னொரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தையும் கிரெயின் என்போம். ஒரு கிரெயின் இன்னொன்றைத் தொடும் கோடு கிரெயின் பவுண்டரி. முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டு, சரியான ஆசிட்டில் கொஞ்சம் அரிக்க விட்டால் அந்தக் கோடுகள் மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் லேபுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. அதுவரை உலோகத்தைத் துளைத்துச் சீவல் எடுத்து, ஆசிட்டில் கரைத்து, சொட்டுச் சொட்டாக அளந்து சேர்மானம் கண்டுபிடிப்போம். அரைநாள் போய்விடும். புது மெஷினில் துண்டைத் தேய்த்து வைத்தால் சடசடவென்று பொறி அடிக்கும், டீ ஆறுவதற்குள் எல்லா விழுக்காடும் அச்சாகி வரும். எல்லோரும் பார்க்க வந்தார்கள். பிளான்ட் ஹெட் விஸ்வநாதன் சார் வாடிக்கையாளர்களைக் கூட்டி வந்து காட்டினார். கொஞ்ச நாளிலேயே மைக்ரோஸ்கோப்புக்கு வரும் சாம்பிள்கள் குறைந்தன. பசவராஜ் சார் அந்த மெஷினை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அது சராசரியைச் சொல்லும். நல்லாவே சொல்லும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

சென்னகேசவன் பாசிவேஷன் பிரிவில் வேலை செய்தான். துருப்பிடிக்காமல் இருக்க எவர்சில்வர் பாகங்களை நைட்ரிக் ஆசிட்டில் முக்கி எடுக்கும் பிரிவு அது. வேப்பனப்பள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு. முப்பது வயது இருக்கும். எங்கள் லேபில் சாம்பிள் அரிக்க அதே ஆசிட் கொஞ்சம் தேவைப்படும். அவன்தான் பாட்டிலில் கொண்டுவருவான். பாட்டிலை மேஜையில் வைக்க மாட்டான், மணல் தட்டில்தான் வைப்பான். வைத்த பிறகும் கையுறையைக் கழற்றாமல் மூடியை ஒருமுறை திருகிப் பார்ப்பான். ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று கேட்டான். பார்த்துவிட்டு, "இது உயிரோட இருக்குதா மேடம்?" என்றான். நான் சிரித்துவிட்டேன். பசவராஜ் சார் சிரிக்கவில்லை. "வளரும். சூடு பண்ணினா கிரெயின் பெரிசாகும்" என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னார்.

அந்தப் பிரிவில் இரண்டு ஆசிட் தொட்டிகள். பழைய குழாய்கள் தேய்ந்துவிட்டன என்று ஒரு கோடையில் இரண்டுக்கும் புதுக் குழாய் போட்டார்கள். வெளி ஒப்பந்தக்காரர் வந்து வெல்டிங் செய்துகொடுத்தார். குழாய் லேபுக்கு வரவில்லை. விற்றவர் கொடுத்த சான்றிதழைப் பார்த்தே மெயின்டெனன்ஸ் பிரிவு வாங்கிக்கொண்டது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு காலை ஷிப்டில் அந்தச் சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் இல்லை. ஆட்கள் ஓடும் சத்தம். நான் போவதற்குள் காவி நிறத்தில் புகை கூரை வரை ஏறியிருந்தது. சென்னகேசவனைத் தண்ணீர் ஷவருக்கு அடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வால்வுக்குப் பக்கத்தில், வெல்டிங்கை ஒட்டி, குழாய் முறிந்து ஆசிட் அவன் முகத்திலும் நெஞ்சிலும் பீய்ச்சி அடித்திருக்கிறது. ஏப்ரன் போட்டிருந்தான். கழுத்து வழியாக உள்ளே இறங்கிவிட்டது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "கண்ணு தெரியுது மேடம், கண்ணு தெரியுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். தோல் காயத்தை விட அந்தப் புகைதான் அவன் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டான்.

முறிந்த இடத்துக்குக் கீழே ஒரு ஸ்பேனர் கிடந்தது. வால்வின் மேல் புதிதாகத் தட்டிய தடமும் இருந்தது. வால்வு இறுகிக்கொண்டால் அங்கே எல்லோரும் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டித்தான் திறப்பார்கள். பிளான்ட்டில் பேச்சு இப்படி ஆனது: "சென்னகேசவன் அடிச்சு உடைச்சிட்டான்."

விஸ்வநாதன் சார் லேபுக்கே வந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மூன்று நாளாகத் தூங்காத முகம். "வசந்தா, குழாயோட காம்போசிஷன் மட்டும் எடுத்துக் கொடுங்க. ரிப்போர்ட் இன்னிக்கே போகணும்" என்றார்.

பொறி அடித்துப் பார்த்தோம். குரோமியம் சரி. நிக்கல் சரி. கார்பன் புள்ளி பூஜ்யம் ஆறு. 304 என்ற ரகத்துக்கு எல்லாமே வரம்புக்குள்.

"அப்ப மெட்டீரியல்ல குறை இல்லை" என்றார்.

பசவராஜ் சார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "நாம கேட்டது 304 இல்லை சார். 304 எல்."

"ஒரு எழுத்துதானே பசவராஜ்?"

"அந்த எழுத்துக்கு அர்த்தம் கார்பன் குறைவுன்னு. இதுல இருக்கிறது அதைப் போல ரெண்டு மடங்கு."

"304-க்கு இது சரியா, இல்லையா?"

"சரி."

"அதை எழுதிக் கொடுங்க." தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முறிந்த துண்டு ஸ்கிராப் யார்டுக்குப் போய்விட்டிருந்தது. பசவராஜ் சார் என்னை அனுப்பினார். இரும்புக் குவியலுக்கு நடுவே தேடி எடுத்தேன். வெளிப்பக்கம் பளபளவென்று புதுக் குழாய் போலவே இருந்தது. உள்பக்கம் விரல் வைத்தால் சர்க்கரை ஒட்டியதுபோல் நறநறவென்று இருந்தது.

அன்று நாங்கள் செய்த வேலையின் ஒவ்வொரு அசைவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெல்டிங்கை ஒட்டி ஒரு துண்டு, அதே குழாயில் வெல்டிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு துண்டு. வெட்டும்போது சூடேறினால் அடுக்கே மாறிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக வெட்டினோம். பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் பொடியில் வைத்து அழுத்தி வில்லையாக்கினோம். எமரி பேப்பரில், அதாவது உப்புத்தாளில், முரடிலிருந்து நைசு வரை தேய்த்தோம். ஒவ்வொரு பேப்பர் மாறும்போதும் வில்லையைக் கால்வட்டம் திருப்பி, முந்தைய கீறல் முழுதும் போகும் வரை. பிறகு துணிச் சக்கரத்தில் பாலிஷ். ஆக்ஸாலிக் ஆசிட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சி அரிக்கவிட்டோம். பசவராஜ் சார் கை கழுவினார். விரல்களை உரசிப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"ஏனு காணுத்தே?"

தள்ளி எடுத்த துண்டில் கிரெயின்கள் அழகாக இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும் சின்னப் படிகள் மட்டும். வெல்டிங் ஓரத் துண்டில் ஒவ்வொரு கிரெயினைச் சுற்றியும் கறுப்பாக, ஆழமாக ஒரு அகழி. சுற்றிலும் அகழி வெட்டியதால் சில கிரெயின்கள் முழுதாக உதிர்ந்து அந்த இடம் பள்ளமாக இருந்தது. விரிசல் எந்தக் கிரெயினையும் பிளக்கவில்லை, அகழி வழியாகவே ஓடியிருந்தது.

பார்த்ததைச் சொன்னேன். கடைசியில் பெயரைச் சொன்னேன்: "சென்சிடைஸ் ஆயிருக்கு சார்."

நடந்தது இதுதான். எவர்சில்வரைத் துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். வெல்டிங் செய்யும்போது பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிற்கும். கார்பன் அதிகமாக இருந்தால், அந்தச் சூட்டில் அது கிரெயின் பவுண்டரிக்கு நகர்ந்துவந்து அங்கே இருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பவுண்டரியை ஒட்டிய இடம் பாதுகாப்பு இல்லாமல் நிற்கும். மொத்தக் குழாயில் குரோமியம் கொஞ்சமும் குறையவில்லை. அதனால் மெஷின் சரி என்றுதான் சொல்லும். ஆசிட் அந்த வழியாக ஒன்றரை வருடம் உள்ளே போயிருக்கிறது. வெல்டிங் செய்யும் குழாய்க்கு எல் ரகம் கேட்பது இதற்காகத்தான்.

பசவராஜ் சார் லென்ஸில் பார்க்காமலே திரும்பினார். "ரெண்டாவது தொட்டிக்கும் இதே குழாய்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறந்தவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வால்வைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்துக்கொண்டு விஸ்வநாதன் சாரிடம் போனோம். படங்களைப் பார்த்தார். "அவன் ஸ்பேனரால அடிச்சானா, இல்லையா?" என்று கேட்டார்.

"அடிச்சான் சார். நல்ல குழாய் அந்த அடியைத் தாங்கும். அடிபட்டு உடைஞ்சிருந்தா குழாய் நசுங்கியிருக்கும், கிரெயின் வளைஞ்சிருக்கும். எதுவும் இல்லை" என்றார் பசவராஜ் சார். "ரெண்டாவது லைனை நிறுத்துங்க."

"ரெண்டு லைனும் நின்னா டெஸ்பாட்ச் நின்னுடும். மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இந்தப் படம் வெளியே போக வேண்டாம்."

பசவராஜ் சார் படங்களை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து நேராகப் பாசிவேஷன் பிரிவுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது தொட்டியின் வால்வுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, கன்னடத்திலும் தமிழிலும் ஆட்களைக் கூப்பிட்டார். "இந்தக் குழாயும் உள்ளே செத்துப்போச்சு. யாரும் வால்வைத் தொடாதீங்க. யார் கேட்டாலும் பசவராஜ் சொன்னான்னு சொல்லுங்க." அவ்வளவு சத்தமாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன். ஒருவரும் தொடவில்லை. லைன் நின்றது.

அந்த மாதமே அவர் போக வேண்டியதாயிற்று. ராஜினாமா என்றுதான் பலகையில் போட்டார்கள். விருந்து எதுவும் இல்லை. மைக்ரோஸ்கோப்புக்கு உறையைப் போட்டுவிட்டு, "மிச்சக் குழாய்த் துண்டுகளைப் பத்திரமா வை" என்றார். கேட் வரை கூடப் போனேன். துமகூர் போக பெங்களூர் பஸ் ஏறினார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கம்பெனி அனுப்பிய அறிக்கையில் சேர்மானம் மட்டுமே இருந்தது. எல்லா எண்ணும் உண்மை. கடைசி வரியில், தொழிலாளி கருவியால் தாக்கியதால் முறிவு என்று இருந்தது.

சில வாரம் கழித்து அரசாங்கத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். டிரெயினிங் ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரம் சென்னகேசவன் மனைவி லட்சுமம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் அதிகாரியின் மேஜைக்குப் போகும் முன் என் கையைப் பிடித்தாள். "ஆயனே, அவரேதான், உடைச்சிட்டாருன்னு சொல்றாங்கோ. நிஜமா அம்மா?" அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு நகர்ந்தேன். விஸ்வநாதன் சார் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பையனுக்கு அந்த வருடம்தான் காலேஜ்.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "நீங்கதான் டெஸ்ட் பண்ணினீங்களா? காம்போசிஷன் சரியா இருந்துதா?"

"304-க்குச் சரியா இருந்தது சார்."

"அப்ப குழாய் நல்ல குழாய்."

"இல்லை சார். சேர்மானம் வேற, அமைப்பு வேற."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

கிரெயின், பவுண்டரி என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. அந்த மிச்சத்திலிருந்து வெட்டி வைத்திருந்த இரண்டு பட்டைத் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்தேன். விரல் நீளம், ஒரே பருமன், இரண்டும் வெளிப்பக்கம் பளபளப்பு. முதல் துண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். கணீரென்றது. இரண்டாவதைப் போட்டேன். ஓட்டுச்சில் விழுந்ததுபோல் மொத்தென்றது. அதை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தேன். பிஸ்கட் மாதிரி உடைந்து, மேஜையில் பொடி கொட்டியது. முதல் துண்டை அவரிடம் கொடுத்து வளைக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை.

"ரெண்டும் வேற வேற குழாயா?"

"ஒரே குழாய் சார். ஒரு சாண் தூரம். மெஷின்ல போட்டா ரெண்டுக்கும் ஒரே காம்போசிஷன்தான் வரும்."

அவர் அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். விஸ்வநாதன் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லட்சுமம்மா எழுந்து மேஜைக்கு அருகில் வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் எடுத்து, "இதுவா?" என்றாள். "இதுதான்மா" என்றேன்.

குழாயின் குறையால் ஏற்பட்ட முறிவு என்று அதிகாரி எழுதினார். சென்னகேசவன் மேல் தவறில்லை என்று தனியாக ஒரு வரி எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார். என்னை ஸ்டோர்ஸ் பக்கம் மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

விசாரணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மா என்னை ஊருக்குக் கூப்பிட்டாள். "மாமனாருக்கு நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்கோ" என்றாள். சென்னகேசவனின் அப்பா நாராயணப்பா. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மாமரம். அவரும் மகன் மாதிரியே நீளமான கைகள். வீட்டில் மகன் படம் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பெனி ஆள் ஒருவர் அவரிடம், "உங்க பையன் அடிச்சு உடைச்சிட்டான் பெரியவரே, நல்லவேளை மத்தவங்க தப்பிச்சாங்க" என்று சொல்லியிருக்கிறார். பெரிய கம்பெனிக்காரர் சொல்கிறார் என்று அவரும் நம்பிவிட்டார்.

எனக்குத் தெலுங்கு கேட்கத்தான் வரும். தமிழில் சொன்னேன், லட்சுமம்மா தெலுங்கில் சொன்னாள். குழாய் ஏற்கெனவே உள்ளே அரித்துப்போயிருந்தது. அவன் தட்டியது எல்லோரும் தட்டும் தட்டு. அவன் தட்டாமல் இருந்திருந்தால் அடுத்த ஷிப்டில் இன்னொருவன் தட்டும்போது உடைந்திருக்கும். அதிகாரியே எழுதிவிட்டார், எல்லோர் முன்னாலும் படித்தார்.

அவர் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "படிச்சப்ப அங்கே எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"பத்துப் பேர் இருக்கும்" என்றேன்.

"பத்துப் பேர்" என்றார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், சந்தையில், டீக்கடையில், தன் பையன் செய்த தப்பு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கம்பெனியைத் திட்டிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"ஊரந்தா செப்பேஸ்தினே அம்மா." ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே அம்மா.

மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். உச்சி வெயில். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.